ஜன்னல் இல்லாத வண்டி

வெள்ளவத்தை
4 மே 2025

தம்பி பிரியந்தன்,

இதைப் பிரிக்காமலே நீ குப்பையில் போடலாம். போடுவதானால் முத்திரையை மட்டும் கிழித்து வைத்துக்கொள், வண்ணத்துப்பூச்சி நல்ல வடிவாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நீ என்னைத் தடுத்து வைத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதனால்தான் தபால். தபாலகத்தில் இருந்த பிள்ளை, "சுவிசுக்குக் கடிதமோ மிஸ், ஃபோன் இல்லையோ?" என்று கேட்டாள். ஃபோன் இருக்கிறது, தம்பிதான் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. முத்திரைக்குக் காசைக் கொடுத்தேன்.

அப்பாவின் செத்தவீட்டைப் பற்றி நான் எழுதவில்லை. இது வேலை விஷயம்.

ஹெஸ்டர் வேல் என்ற பெயரை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். இருநூறு வருடத்துக்கு முந்திய ஆங்கில நாவலாசிரியை. கிராமத்துப் பாதிரியாரின் மகள். இருபத்திரண்டு வயதில், நோயாளியான ஒரு பணக்காரக் கிழவிக்குத் துணையாகச் சம்பளத்துக்குப் போனாள். பாரிஸ், பிறகு நீ இருக்கும் அதே ஏரிக்கரை, பிறகு மலைக் கணவாயைக் கடந்து இத்தாலி. அதற்கு முன் அவள் தன் ஊரைத் தாண்டியதே இல்லை. திரும்பி வந்து அந்தப் பயணத்தை வைத்து ஒரே ஒரு நாவல் எழுதினாள். நான்கு வருடமாக அதைத்தான் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் முடிந்தது, பத்தொன்பதாம் அத்தியாயம் தவிர. அதில் கதாநாயகி பனிக்காலத்தில் கணவாயைக் கடக்கிறாள். ஆங்கிலத்தில் வாசித்தால் மேல் சிலிர்க்கும். என் தமிழில் வாசித்தால் கொட்டாவி வரும். கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருக்கும் மர்ஸூக், பதிப்பாளரும் அவர்தான், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மிஸ், குறை நினைக்க வேணாம். இது டிக்கட் விக்கிற நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார். அந்த மனிதரில் கோபப்படவும் முடியவில்லை, உண்மை அதுதான். ஓகஸ்ட் கடைசி வரை எனக்காக மெஷினை வைத்திருப்பாராம். பிறகு கலண்டர் வேலை தொடங்கிவிடும். அதோடு என் புத்தகம் போச்சு.

இது வராவிட்டால் நான் வெறும் ட்யூஷன் ரீச்சர் தம்பி. அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனாலும் எனக்கு இது வேண்டும்.

நானே போய்ப் பார்க்கலாம் என்று விசாவுக்குப் போட்டேன். கிடைக்கவில்லை. நீ பக்கத்தில் இருக்கிறாய். ஒருநாள் அந்தக் கணவாய்க்குப் போய், கண்டதை எனக்கு எழுது. வேறொன்றும் கேட்க மாட்டேன்.

அக்கா
கௌரி

*

லோசான்
25 மே 2025

அக்கா,

முத்திரையை மகள் எடுத்துவிட்டாள்.

செத்தவீட்டைப் பற்றி எழுதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதுகிறேன். சனிக்கிழமை வரை வைத்திருங்கள் என்று கேட்டேன். ஓம் என்றீர்கள். சனி விடிய வந்து இறங்கினால், வியாழனே கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோய் எரித்தாயிற்று. கொள்ளி வைத்ததும் நீங்களே. பெட்டியோடு வாசலில் நின்ற என்னிடம், "குளிச்சிட்டுச் சாப்பிடு" என்றீர்கள். என் தகப்பனின் முகத்தை நான் பார்க்கவில்லை. அதைக் கேட்டுச் சண்டை போட்டபோதும் ஏன் என்று ஒரு சொல் உங்கள் வாயிலிருந்து வரவில்லை.

இப்போது ஒரு மலையைப் பார்த்துச் சொல் என்று எழுதுகிறீர்கள். நல்லது.

நான் இங்கே ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறேன். லீவு நாளில் நித்திரை கொள்வேன். முப்பது வருடத்துக்குக் கிட்ட இந்த நாட்டில் இருந்தும் ஒரு மலையிலும் நான் ஏறியதில்லை, ஏறவும் விருப்பமில்லை. படங்கள் இன்ரநெற்றில் நிறைய இருக்கின்றன.

அந்த அத்தியாயத்தை அனுப்புங்கள். வாசிப்பேன் என்று சொல்லவில்லை. சாம்பவி கேட்கிறாள்.

பிரியந்தன்

*

வெள்ளவத்தை
9 ஜூன் 2025

தம்பி,

சாம்பவி கேட்டாளாம். உன் மனைவிக்குப் புத்தகம் என்றால் எட்டிக்காய் என்பது எனக்குத் தெரியும். இருக்கட்டும். அத்தியாயத்தின் ஆங்கிலமும் என் தமிழும், புத்தகத்தின் முன்னுரையும் இதோடு வருகின்றன.

என் தமிழை வாசிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள். "வெண்பட்டு விரித்தாற்போன்ற சரிவுகள்", "நீலம் சிந்தும் பள்ளத்தாக்கு", "நிலவில் குளித்த சிகரங்கள்". எங்கிருந்து எடுத்தேன் என்று நினைக்கிறாய்? நீங்கள் எல்லாரும் வருடாவருடம் அனுப்பும் சுவிஸ் கலண்டரிலிருந்துதான். வெள்ளவத்தையில் எந்த வீட்டுக்குப் போனாலும், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒரு பனிமலை தொங்குகிறது. பனியை நான் கண்டது அதிலும் சொக்லேட் பெட்டியிலும்தான்.

அப்பாவுக்கு அந்தப் பிரச்சினை இருக்கவில்லை. மலையை நேரில் பார்த்த ஆள் போலவே கதைப்பார். மரீன் டிரைவில் நடக்கப் போனால், எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் பிடித்து நிறுத்தி, "என்ர மகன் ரெயின் ஜன்னலாலை அல்ப்ஸைப் பாத்துக்கொண்டு போனவன், தெரியுமே" என்பார். நீ போய்ச் சேர்ந்த கதையை அவர் சொல்லக் கேட்டுக் கேட்டு, பூங்கன்று விற்கிற பொடியனுக்கும் மனப்பாடம்.

ஏன் வியாழக்கிழமை என்று கேட்கிறாய். இப்போது சொல்ல மாட்டேன். சொல்லக்கூடாதென்று இல்லை, எழுத வரவில்லை. கொள்ளி விஷயத்தில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. பத்து வருடம் குளிக்க வார்த்த கைக்கு நெருப்பு வைக்க உரிமை உண்டு. பெரியப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

போவதும் போகாததும் உன் விருப்பம்.

கௌரி

*

லோசான்
29 ஜூன் 2025

அக்கா,

போனேன்.

ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் தமிழை வாசித்துச் சிரித்தேன், அது உண்மை. பிறகு அந்த ஆங்கிலத்தை அகராதியோடு இருந்து வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாம்பவி புட்டுக் கட்டித் தந்தாள். ரெயினில் ஏரியின் முடிவு வரை போய், அங்கிருந்து பள்ளத்தாக்கு வழியாக, பிறகு மஞ்சள் நிறத் தபால் பஸ்ஸில் மேலே.

அக்கா, எனக்கு எழுத வராது. நடந்ததை அப்படியே சொல்கிறேன். பஸ் சுற்றிச் சுற்றி ஏறியது. காடு வந்தது. ஓரிடத்தில் காடு நின்றுவிட்டது, அதற்கு மேல் ஒரு மரமும் இல்லை. கணவாயில் இறங்கினேன். ஜூன் மாதக் கடைசியிலும் நிழல் விழும் இடங்களில் பனி கிடக்கிறது, அதன் ஓரத்திலேயே சின்னச் சின்னப் பூக்கள். நிமிர்ந்து பார்த்தேன். கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தும் மலை முடியவில்லை. நான் தொப்பியைக் கழற்றியது எப்போது என்று தெரியாது, கை தானாகக் கும்பிட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரச் சோடி என்னைப் பார்த்துப் புன்னகைத்தது. வெட்கமாக இருக்கவில்லை. இதற்குப் பக்கத்திலா நான் இத்தனை வருடம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

இவ்வளவும் எழுதி அனுப்பினால் உங்களுக்குப் போதும் என்று நினைத்தேன். ஆனால் இத்தாலிப் பக்கம் இறங்கும் வழியில் ஒரு கிராமத்தில் சின்ன அருங்காட்சியகம் இருந்தது. பழைய மாட்டுத் தொழுவம்தான், உள்ளே அந்தக் காலத்துப் பயணச் சாமான்கள். காவலுக்கு ஒரு வயதான பெண். அந்தக் காலத்தில் பனியில் எப்படிக் கடந்தார்கள் என்று என் உடைந்த பிரெஞ்சில் கேட்டேன். ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

பனிக்காலத்தில் வண்டியின் சில்லு ஓடாதாம். ஆட்களைச் சறுக்குக் கட்டையில் பூட்டிய மரப்பெட்டிக்குள் ஏற்றி, வைக்கோல் அடைத்து, காற்றுப் புகாமல் கதவில் கம்பளியை ஆணியடித்துவிடுவார்களாம். முன்பெட்டி எசமானுக்கு. அதில் கையகலக் கண்ணாடி உண்டு. பின்பெட்டி சம்பளத்துக்கு வந்தவர்களுக்கு. அதில் ஒன்றும் இல்லை. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நான்கு பக்கமும் பலகை.

ஹெஸ்டர் கடந்தது டிசம்பர் என்று புத்தகத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது. அவள் கிழவியின் சம்பளக்காரி.

உள்ளே ஒருக்கால் இருந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த அம்மா யோசித்தார், பிறகு கயிற்றை விலக்கிவிட்டார். நான் முழங்காலை மடித்து உள்ளே இருந்தேன். கதவைச் சாத்தச் சொன்னேன். ஒரே இருட்டு. முதலில் என் மூச்சு கேட்டது. பிறகு எங்கோ கீழே தண்ணீர். பிறகு இடப்பக்கத்தில் ஒரு மாட்டு மணி, அது மெல்ல மெல்லத் தூரப் போனது. பலகையின் மணம்.

அக்கா, பத்தொன்பதாம் அத்தியாயம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. நீங்கள் எழுதிய மலை வடிவான மலை, நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அந்தப் பிள்ளை அதைப் பார்க்கவில்லை.

வெளியே வந்து அரை மணித்தியாலம் புல்லில் இருந்தேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டியதாகிவிட்டது.

பிரியந்தன்

*

வெள்ளவத்தை
14 ஜூலை 2025

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படியிலேயே நின்று வாசித்தேன். லிஃப்ட் பழுது, ஐந்து மாடி ஏறும் வரை பொறுமை இருக்கவில்லை. மூன்றாம் மாடியில் அப்படியே இருந்துவிட்டேன்.

பிறகு வீட்டுக்குள் போய், சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் நிறங்களைத் தேடினேன். வெள்ளை, நீலம், சாம்பல், எதுவாவது. அத்தியாயம் முழுக்க ஒரு நிறம் இல்லை தம்பி. ஒரு தூரம் இல்லை, ஒரு உயரம் இல்லை, நிலவு இல்லை. மற்ற அத்தியாயங்களில் அள்ளிக் கொட்டியிருக்கிறாள். பாரிஸில் ஒரு பழக்கடையை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக நிறம். இதில் மட்டும் சத்தமும் குளிரும் மணமும். "மலை எங்களைச் சுற்றி நடந்தது" என்று ஒரு வரி. நான் அதை "மலைகள் அணிவகுத்து நின்றன" என்று திருத்தி வைத்திருந்தேன். பிழையாக எழுதிவிட்டாள் பாவம், சரிப்பண்ணிக் கொடுப்போம் என்று.

அவள் வைக்காத மலையை நான் கண்டேன். இருநூறு வருடமாக வாசித்தவர்கள் எல்லாரும் கண்டிருப்பார்கள். ஒன்றையும் காணாமல் இருட்டுக்குள் இருந்த ஒரு பெட்டை, இத்தனை பேருக்கு ஒரு மலையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நினைக்க நினைக்கப் பயமாகவும் இருக்கிறது, கும்பிடவேண்டும் போலவும் இருக்கிறது.

என் தமிழ் முழுவதையும் கிழித்துவிட்டேன். முதல் வேலையாகச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். ரெயின், கடல், மேல்மாடி மிக்ஸி எல்லாம் கேட்டன. குளிர் மட்டும் இல்லை. மர்ஸூக்கிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முகத்துவாரத்தில் மீனுக்கு ஐஸ் போடுகிற இடம் ஒன்று அவருடைய மச்சானுடையது, அங்கே கூட்டிக்கொண்டு போனார். "உள்ளுக்கு நிண்டு பாருங்க மிஸ், நான் வெளிய கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கிறன், பயப்பட வேணாம்" என்றார். சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு கண்ணை இறுக்கி நின்றேன். ஐஸ் கதைக்கிறது தம்பி. உள்ளே முறிகிற சத்தம், பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை, பிறகு காலுக்குக் கீழே இருந்து ஒன்று. ஐஸ் என்றால் மௌனம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மீன் மணத்தோடு வெளியே வந்து பஸ் ஏறினேன், பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

பாதி எழுதிவிட்டேன். மிச்சம் வரவில்லை, ஏனென்றால் நான் நின்றது ஓடாத பெட்டி. ஏறுகிற பெட்டிக்குள் இருந்தால் உடம்புக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஒன்று கேட்கட்டுமா? வெளியே வந்து அரை மணித்தியாலம் புல்லில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். மலையைப் பார்த்தபோது கூட உனக்கு அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. ஏன் தம்பி? முதன்முதல் அந்த நாட்டுக்குப் போனபோது நீ ரெயினில்தானே போனாய்?

அக்கா

*

லோசான்
30 ஜூலை 2025

அக்கா,

இல்லை. ரெயினில் போகவில்லை.

இத்தாலியில் இருந்து தோடம்பழ லொறி ஒன்றில் வந்தோம். பழப்பெட்டிகளை அடுக்கி, நடுவில் ஒரு அறை போல விட்டு, அதற்குள் ஆறு பேர். நான்தான் இளையவன், இருபது வயது. ஏற்றியவன் சைகையில் காட்டினான், தான் பலகையில் இரண்டு தரம் தட்டினால் மூச்சு விடக்கூடாது என்று. பின்கதவை அடைத்தான். அவ்வளவுதான் நான் பார்த்த அல்ப்ஸ்.

உங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் காது அடைக்கும். விழுங்கினால் திறக்கும், பிறகும் அடைக்கும். அப்போதுதான் ஏறுகிறோம் என்று தெரிந்தது. வளைவு வருமுன் எஞ்சின் குரல் தடிக்கும். பிறகு உடம்பு முழுவதும் ஒரு பக்கம் சரியும், எல்லாருடைய முழங்காலும் எல்லாருடைய விலாவிலும். வயிறு பின்தங்கி நிற்கும். தண்ணீர்ச் சத்தம் ஒருக்கால் வலப்பக்கம், ஒருக்கால் இடப்பக்கம். நாங்கள் அசையாமல் இருக்கிறோம், மலைதான் எங்களைச் சுற்றுகிறது என்று எனக்குத் தோன்றியது. அந்த வரியை அவள் பிழையாக எழுதவில்லை அக்கா. அகராதி வைத்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இருநூறு வருடத்துக்கு முந்திய ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

குளிர் கீழே இருந்து வரும், பாதத்தில் தொடங்கி. தோடம்பழ மணம் குளிரக் குளிரக் கூர்மையாகும். இன்றைக்கும் நான் தோடம்பழம் தின்பதில்லை. சமையலறையில் உரிக்கவேண்டி வந்தால் யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிடுவேன். ஓரிடத்தில் லொறி நின்றது. இரண்டு தட்டு. வெளியே பூட்ஸ் சத்தம், நாய் ஒன்று. எனக்குப் பக்கத்தில் இருந்த மட்டக்களப்பு அண்ணன் என் வாயைத் தன் கையால் பொத்தினார், தன் வாயை என் தோளில் அழுத்திக்கொண்டார். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. நாய் போய்விட்டது.

அப்பா முதல் தரம் ஃபோனில் கேட்டது, "எப்பிடியடா போனனி?" என்றுதான். ரெயினில் என்றேன். "ஜன்னலுக்குப் பக்கத்திலை இடம் கிடைச்சதே?" என்றார். கிடைத்தது என்றேன். பிறகு மலை எப்படி என்று கேட்டார், நானும் சொன்னேன். வேறென்ன சொல்வது? சாம்பவிக்கும் அதே கதைதான். நேற்று இரவு உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, உண்மையைச் சொன்னேன். அவள் எழும்பிப் போய்ப் பழக்கூடையில் இருந்த தோடம்பழங்களை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

இவ்வளவும் உங்களுக்கு. எடுத்து எழுதுங்கள்.

இனி என் முறை. நீங்கள் போகமுடியாத இடத்துக்கு என்னை அனுப்பினீர்கள், நான் போனேன், கண்டதையும் காணாததையும் சொன்னேன். அப்பாவின் கடைசிக்கு நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள், நான் இல்லை. முகம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். ஏன் வியாழக்கிழமை என்றும் எழுதுங்கள். வடிவாக எழுதவேண்டாம். கலண்டர் வேண்டாம் அக்கா.

பிரியந்தன்

*

வெள்ளவத்தை
16 ஓகஸ்ட் 2025

தம்பி,

அத்தியாயம் முடிந்தது. மர்ஸூக் மெஷின் சத்தத்துக்கு நடுவில் நின்றபடியே வாசித்தார். முடித்துவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டு, "மிஸ், காதடச்சிட்டு" என்றார். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்த விஷயம் சரி.

இனி நீ கேட்டது.

சனி வரை வைத்திருப்பதென்றுதான் நான் நினைத்திருந்தேன். புதன்கிழமை மலர்ச்சாலையில் உடம்பைப் பாடம்பண்ணி அவரைக் கொண்டுவந்து வைத்தார்கள். முகத்தில் பவுடர். கன்னத்தில் சிவப்பு. தலையை மற்றப் பக்கம் சீவியிருந்தார்கள். வாயை எப்படி மூடினார்களோ தெரியாது, ஒரு சிரிப்பு மாதிரி வந்திருந்தது, அப்பா ஒருநாளும் சிரிக்காத சிரிப்பு. வந்தவர்கள் எல்லாரும் "நித்திரை கொள்ளுற மாதிரிக் கிடக்கு" என்றார்கள். நான் பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அவ்வளவு தூரம் பறந்து வந்து அந்த முகத்தைக் கண்டால், சாகும் வரை அதுதான் உனக்கு அப்பா. பெரியப்பா வியாழனே எடுப்போம் என்றபோது ஓம் என்றேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ சண்டை பிடித்து நிற்பாட்டியிருப்பாய். கோபம் இருந்தால் இருக்கட்டும். இன்றைக்கும் நான் அதைத்தான் செய்வேன்.

நான் கண்ட முகம் செவ்வாய்க்கிழமை மதியத்து முகம். ஆஸ்பத்திரியில், ஜன்னலுக்குத் தூரத்துக் கட்டிலில். சவரம் செய்யவில்லை, நாடியெல்லாம் வெள்ளை முள். பல்செற் கழற்றியிருந்ததால் கன்னம் உள்ளே போயிருந்தது. கண் தெளிவு. நான் தண்ணீர் தொட்டு வைத்த உதடு மட்டும் ஈரம்.

நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தாதிப் பிள்ளை வந்தாள். சிங்களப் பிள்ளை, நல்ல குணம். பெயர் கேட்டாள், நாகேந்திரம் என்றார். எங்கே இருக்கிறீர்கள் என்றாள், ஆஸ்பத்திரி என்றார். பிறகு, "சீயா, வெலாவ கீயத?" என்று நேரம் கேட்டாள். எதிர்ச் சுவரில் பெரிய மணிக்கூடு, ஒரு மணி காட்டியது. அப்பா அதை வடிவாகப் பார்த்தார். புருவம் இரண்டும் மேலே போனது, கணக்குப் போடும்போது போகுமே, அப்படி. போர்வையில் விரல் மூன்று தரம் அசைந்தது. பிறகு அரைவாசியாக இன்னொரு தரம். "நவய ஹமாரை" என்றார். ஒன்பதரை.

அந்தப் பிள்ளை என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, குழப்பம் என்று குறிப்பில் எழுதினாள். நான் திருத்தவில்லை. நீ போன நாளிலிருந்து அவர் வீட்டு மணிக்கூட்டைப் பார்த்தால் முதலில் கழிப்பார். உங்களுக்கு வெயில் காலத்தில் மூன்றரை, குளிர் காலத்தில் நாலரை. கழித்துவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பார். "இப்ப அங்கை விடிஞ்சிருக்கும்", "இப்ப வேலைக்கு வெளிக்கிட்டிருப்பான்." நீ ஃபோன் எடுக்காத நாளிலும் கழிப்பார். எனக்குச் சில நேரம் எரிச்சலாக இருக்கும், இங்கே இருக்கிற நான் என்ன நேரத்தில் சாப்பிட்டேன் என்று கேட்கிறாரா என்று.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கதைக்கவில்லை. பின்னேரம் போய்விட்டார். புருவம் அப்படியே கொஞ்சம் உயர்ந்தபடி இருந்தது. நீ பார்க்காத முகம் அதுதான் தம்பி. அது குழம்பிய முகம் இல்லை. இங்கே ஒரு மணி என்று அவருக்குத் தெரியும். உனக்கு எத்தனை மணி என்றுதான் அவர் சொன்னார்.

அக்கா